சிகரெட்டை விட்டாச்சு... மாடி ஏறினா ஏன் இன்னும் மூச்சு வாங்குது?

இந்த வாரம் இன்பாக்ஸில் வந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு மகள் எழுதியிருக்கிறார்.

``எங்க அப்பாவுக்கு 54 வயசு. 28 வருஷமா பிடிச்ச சிகரெட்டை நாலு மாசத்துக்கு முன்னாடி விட்டுட்டார். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா, விட்டதுக்கு அப்புறம்தான் இருமல் அதிகமாகியிருக்கு. ரெண்டாவது மாடிக்கு ஏறினா நடுவுல நின்னுடறார். வாக்கிங் போகச் சொன்னா, `போனது போனதுதானேம்மா... இனிமே நடந்து என்ன ஆகப்போகுது'ன்னு சேர்லயே உட்கார்ந்திருக்கார். நுரையீரலுக்கு ஏதாவது எக்சர்சைஸ் இருந்தா சொல்லுங்க.''

அந்த அப்பா சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். நுரையீரலின் கடைசி முனைகளில் இருக்கும் காற்று நுண்ணறைகளின் சுவர் சிகரெட் புகையால் சிதைந்துவிட்டால், அது மறுபடி வளர்வதில்லை. எந்த உடற்பயிற்சியும், எந்த மூச்சுப்பயிற்சியும், எந்தக் கஷாயமும் அதைத் திரும்பக் கட்டித்தராது. `மூன்றே நாளில் நுரையீரலைக் கழுவும் பானம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் யோசிக்காமல் டெலிட் செய்துவிடலாம். நாம் குடிப்பது வயிற்றுக்குப் போகிறது, நுரையீரலுக்கு அல்ல.

ஆனால், நுரையீரல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். சுவாசக் குழாயின் உள்பக்கம் முழுக்க மிக நுண்ணிய இழைகள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் ஒட்டவைத்து, துடைப்பம் போல மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது இவற்றின் வேலை. சிகரெட் புகை இவற்றை முடக்கிப்போடும். புகை நின்றதும் இவை மெதுவாக வேலைக்குத் திரும்பும். இத்தனை நாள் தேங்கிக்கிடந்த சளி அப்போதுதான் மேலே வர ஆரம்பிக்கும். விட்ட பிறகு வருகிற இருமலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ``விட்டதும் இருமல் வந்துச்சு, மறுபடி பிடிச்சேன், நின்னுடுச்சு'' என்ற வசனத்தை எந்த டீக்கடையில் நின்றாலும் கேட்கலாம். துடைப்பத்தை மறுபடி கட்டிப்போட்டால் குப்பை பறக்காதுதான். அதற்காக வீடு சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமா?

விட்டதிலிருந்து 1 முதல் 9 மாதங்களுக்குள் இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலாவது மாதத்தில் இருப்பவர் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார். ஆனாலும், இருமலை `சுத்தமாகுது' என்று சும்மா விட்டுவிடவும் கூடாது. நம் நாட்டில் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்தும் அதிகம். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் சரியாகாமல் இருப்பது... இவற்றில் எது இருந்தாலும் எக்சர்சைஸ் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு டீஸ்பூனும் ஏழு டீஸ்பூனும்

`சிகரெட் பிடிக்கிறேன்... ஆனா, தினமும் கிரவுண்டுல அஞ்சு ரவுண்டு ஓடறேன். அது இதைச் சரி பண்ணிடும்' என்று நம்புகிற ஒரு கூட்டம் இருக்கிறது. காலையில் வாக்கிங் முடித்து, வியர்வை காய்வதற்குள் டீக்கடை வாசலில் ஒன்றைப் பற்றவைப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

மூச்சை முழுசாக இழுத்து, பலம்கொண்ட மட்டும் ஊதும்போது, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை `ஸ்பைரோமெட்ரி' என்ற பரிசோதனையில் அளப்பார்கள். இளமையில் உச்சத்தில் இருக்கும் இந்த அளவு, பிறகு எல்லோருக்குமே வருடா வருடம் கொஞ்சம் குறையும். சிகரெட்டைத் தொடாதவருக்கும் குறையும். புகைப்பவர்களில் பலருக்கு அந்த இறக்கம் செங்குத்தாக இருக்கும்.

அமெரிக்கா, கனடாவில் நடந்த `லங் ஹெல்த் ஸ்டடி' என்ற ஆய்வில், மூச்சுக்குழாய் அடைப்பு ஆரம்பநிலையில் இருந்த 5,887 புகைப்பழக்கக்காரர்கள் சேர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 11 ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்து பார்த்தபோது, சிகரெட்டை விடாத ஆண்கள் வருடத்துக்குச் சராசரியாக 66 மில்லி இழந்திருந்தார்கள். அடியோடு விட்ட ஆண்கள் இழந்தது 30 மில்லி. வித்தியாசம் வருடத்துக்கு 36 மில்லி. வீட்டு அளவில் ஏழு டீஸ்பூன்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 6,790 பேரைப் பல வருடங்கள் கவனித்து, 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில், உடற்பயிற்சி செய்த புகைப்பழக்கக்காரர்களையும், அவ்வளவாகச் செய்யாத புகைப்பழக்கக்காரர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு நுரையீரல் திறன் குறைவது கொஞ்சம் மெதுவாக இருந்தது உண்மை. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி வரும் வாய்ப்பும் ஓரளவு குறைந்திருந்தது. ஆனால், அதிகம் பயிற்சி செய்தவருக்கே வருடத்துக்கு மிச்சமானது 5 மில்லிக்கும் குறைவு. அதாவது, ஒரு டீஸ்பூன்கூட நிறையவில்லை.

இரண்டும் வேறு வேறு ஆய்வுகள், வேறு வேறு மனிதர்கள். தராசில் வைத்ததுபோல ஒப்பிட முடியாதுதான். ஆனால், எது மலை, எது மடு என்பது தெரிகிறது. பயிற்சியால் சிகரெட்டை ஈடுகட்ட முடியாது. ``நான் பீடிதான், சின்னதுதானே'' என்பவர்களுக்கும் இதே கணக்குதான். 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்களைவிட பீடி பிடிப்பவர்கள்தான் அதிகம். பெரியவர்களில் பீடி 7.7 சதவிகிதம், சிகரெட் 4 சதவிகிதம். பீடி அணைந்துகொண்டே இருப்பதால், இன்னும் அடிக்கடி, இன்னும் ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். சின்னது என்பது வெளித்தோற்றம் மட்டும்தான்.

அப்புறம் எதுக்கு எக்சர்சைஸ்?

இங்கேதான் அந்த அப்பாவின் மீதிப் பாதி தப்பாகிறது. மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும் காரணமில்லை. காலும் காரணம்!

படிப்பதற்கு விசித்திரமாக இருக்கும். தொடைத் தசை வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். பழகிய தசை, வந்த ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். பழகாத தசை சீக்கிரமே திணறி, லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடும். அதைச் சமாளிக்க உடம்பு கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவது யார்? ஏற்கெனவே அடிபட்ட நுரையீரல். ஆக, அதே 20 படிகளை ஏற, பழகிய காலுக்குக் குறைந்த மூச்சு போதும். பழகாத காலுக்கு அதிக மூச்சு வேண்டும்.

இப்போது வீட்டில் நடப்பதை யோசியுங்கள். மூச்சு வாங்குகிறது. பயம் வருகிறது. படி ஏறுவதைத் தவிர்க்கிறார். காய்கறி வாங்கப் போவதை நிறுத்துகிறார். கால் இன்னும் பலவீனமாகிறது. முன்பு மாடியில் வந்த மூச்சிரைப்பு, இப்போது பாத்ரூம் போய் வந்தாலே வருகிறது. `பார்த்தியா, நுரையீரல் போயிடுச்சு' என்று அவரே முடிவுசெய்கிறார். நுரையீரல் போன மாதம் இருந்ததைப் போலவேதான் இருக்கும். இடையில் போனது தொடை.

சி.ஓ.பி.டி முற்றியவர்களுக்குக்கூட `நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி' என்று சில வாரங்கள் கொடுக்கிறார்கள். நடை, சைக்கிள், தசைப்பயிற்சி, மூச்சு விடும் முறை எல்லாம் சேர்ந்தது. 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து `காக்ரேன்' அமைப்பு 2015-ல் வெளியிட்ட அலசலில், பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறல் குறைந்திருந்தது. ஆறு நிமிடங்களில் நடக்கும் தூரம், பயிற்சி பெறாதவர்களைவிட சராசரியாகச் சுமார் 44 மீட்டர் கூடியிருந்தது. இந்தப் பயிற்சியால் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டில் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை. நுரையீரல் அதேதான், ஆனால், மனிதர் நடக்கிறார்! 44 மீட்டர் என்றால் சாதாரணமாகத் தெரியலாம். தெருமுனைக் கடைக்கு நடுவில் நிற்காமல் போய் வர முடிவதும் முடியாததும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?

டாக்டரிடமிருந்து. 40 வயதைத் தாண்டிய, பல வருடங்கள் புகைத்த ஒருவர், திடீரென ஷூ மாட்டிக்கொண்டு ஓடக் கூடாது. சிகரெட் நுரையீரலைக் கெடுக்கும்போதே இதய ரத்தக் குழாய்களையும் சேர்த்துத்தான் கெடுக்கிறது. ஒருமுறை ஸ்பைரோமெட்ரி, ஒரு ஈ.சி.ஜி, பி.பி., சுகர் பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் இதைக் கேட்கலாம். டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருந்தால், நடைக்கு முன்பு எடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் சரி என்றதும், முதல் வாரம் 5 நிமிட நடை போதும். நிஜமாகவே 5 நிமிடம்தான். சமதரையில், வீட்டுத் தெருவிலேயே. முடியாவிட்டால் 2 நிமிடம் நடந்து, நின்று, மறுபடி 2 நிமிடம். இடையில் நின்றால் தோல்வி இல்லை. மருத்துவமனைகளில் கொடுக்கும் பயிற்சியிலும் நடை, ஓய்வு, நடை என்ற முறை உண்டு. வாரத்துக்கு ஓரிரு நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போகலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி. அது சேர வேண்டிய இடம், கிளம்புகிற இடம் அல்ல.

எவ்வளவு வேகம்? ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் வேண்டாம். பக்கத்தில் நடக்கும் அம்மாவோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம். கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும். வாங்கட்டும். நின்ற சில நிமிடங்களில் அது அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த `கொஞ்சம் மூச்சு வாங்குவது' பழக வேண்டிய விஷயம் என்பதை வீட்டில் இருப்பவர்களும் புரிந்துகொண்டால் நல்லது. ``ஐயோ, மூச்சு வாங்குது பாருங்க, உட்காருங்க'' என்று ஓடிவந்து சேர் போடுகிற அன்புதான் பல அப்பாக்களை அசையவிடாமல் வைத்திருக்கிறது.

மூச்சு இரைக்கும்போது, மூக்கு வழியாக இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல மெதுவாக ஊதச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும்வரை இழுத்தால், நான்கு எண்ணும்வரை ஊத வேண்டும். அடைப்பு உள்ள நுரையீரலில் பிரச்னையே காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதில்தான் அதிகம். பழைய காற்று வெளியேறாமல் சிக்கிக்கொள்வதால்தான் புதுக் காற்றுக்கு இடமில்லாமல் திணறுகிறது. உதட்டைக் குவித்து ஊதும்போது குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் இருக்கும், சிக்கிய காற்று வெளியே வரும். படி ஏறும்போதும் இதே முறைதான். நின்று மூச்சை இழுங்கள், ஊதிக்கொண்டே ஒன்றிரண்டு படிகள் ஏறுங்கள். நம்மில் பலர் செய்வது நேர் எதிர். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தம்மில் ஏறிவிடப் பார்க்கிறோம். ரொம்ப இரைத்தால், சேரில் உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டால் சீக்கிரம் அடங்கும்.

நடையோடு தொடைக்கும் வேலை வேண்டும். கையில்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எழும்போது ஊத வேண்டும். முதலில் 5 முறை, போகப்போக 10 முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள். கைகளுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். கை எதற்கு என்று கேட்கலாம். கொடியில் துணி காயப்போடும்போது, தலை சீவும்போதுகூட சிலருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடிபட்ட நுரையீரல் உள்ளவர்களுக்கு மூச்சிழுக்க உதவும் கழுத்து, தோள் தசைகளே கையைத் தூக்கவும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் வரும் சிக்கல் அது.

நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், தலைசுற்றல், படபடப்பு, உதடு நீலம் பாய்வது, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு... இவை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பீரோவில் இருந்தால் எடுங்கள். நடக்கும்போது 90-க்குக் கீழே இறங்கினால், நடையை நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் வாங்கிய இன்னொன்றும் பீரோவில் இருக்கும். மூன்று பந்துகள் உள்ள, இழுத்தால் பந்து மேலே போகும் கருவி. அது ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களின் நுரையீரல் சுருங்காமல் இருப்பதற்காக வந்தது. மூன்று பந்தும் மேலே போகிறது என்பதற்காக நடையை விட்டுவிட வேண்டாம். `10 நொடி மூச்சைப் பிடிக்க முடிந்தால் நுரையீரல் நலம்' என்ற ஃபார்வர்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிடிக்க முடிவதற்கும் நுரையீரல் நோய் இல்லை என்பதற்கும் சம்பந்தமில்லை என்று கொரோனா சமயத்திலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பிராணாயாமம் செய்து பழகியவர்கள் மெதுவான மூச்சுப்பயிற்சிகளைத் தொடரலாம். வேகமாக ஊதும் கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் இரண்டும், பி.பி., இதயநோய், முற்றிய அடைப்பு உள்ளவர்களுக்கு யூடியூப் பார்த்துச் செய்யும் விஷயங்கள் அல்ல.

நேரமும் இடமும் முக்கியம். பஸ் போகும் மெயின் ரோட்டோரம் நடப்பதைவிட, உள் தெருவோ, மொட்டைமாடியோ, பள்ளி மைதானமோ நல்லது. போகி அன்று காலை மட்டும் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

இன்னும் விடாதவர்களுக்கு

உடற்பயிற்சியின் பெரிய உபயோகம் ஒருவேளை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சிகரெட்டுக்காக மனசு அலையும் அந்தத் தவிப்பு, பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அந்த நேரத்தில் 10 நிமிடம் விறுவிறுவென நடந்தால் தவிப்பு குறைவதும், நடை முடிந்த பிறகும் சிறிது நேரம் அது நீடிப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. `சாப்பிட்டதும் ஒண்ணு', `டீயோட ஒண்ணு', `பஸ் வர்றதுக்குள்ள ஒண்ணு' என்று எந்த நேரங்களில் கை பாக்கெட்டுக்குப் போகிறதோ, அந்த நேரங்களிலேயே நடையை வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டதும் என்றால் மெதுவாக.

ஆனால், நடை மட்டுமே சிகரெட்டை நிரந்தரமாக விடவைத்துவிடும் என்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அலையைத் தாண்ட உதவும், கடலைத் தாண்ட கவுன்சலிங்கும் தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். `குண்டாயிடுவேன்' என்ற பயத்திலேயே மறுபடி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் இந்த நடைதான் கைகொடுக்கும்.

விட்ட 12 மணி நேரத்திலேயே ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வழக்கமான அளவுக்கு இறங்கிவிடும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாயு அது. ராத்திரி 8 மணிக்குக் கடைசி சிகரெட் என்றால், மறுநாள் காலை நடைக்குக் கிளம்பும்போது காலுக்குப் போகும் ரத்தத்திலேயே வித்தியாசம் இருக்கும். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. தேடி அலைய வேண்டாம், சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்.